சுங்கை பெசி செம்மண்ணில் ஒரு பஃபலோ: 1/48 போர் விமான மாடலும் அதன் காட்சித்தளமும்

முதன்முதலாக மாடல் கட்டுபவர்கள் பெரும்பாலும் விமானத்தை முடித்துவிட்டுத்தான் அதை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். விமானம் எந்தத் தரையில், என்ன நிலையில் நிற்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்தால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். கண்ணாடிக் கூண்டு திறந்திருக்குமா, சக்கரத்தில் என்ன நிறத் தூசி, இறக்கையின் எந்த இடத்தில் சாயம் தேய்ந்திருக்கும் என்று எல்லாவற்றுக்கும் தரைதான் பதில் சொல்லும்.

இங்கே எடுத்துக்கொள்வது புரூஸ்டர் பஃபலோ. 1941 டிசம்பரில் மலாயாவைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த முக்கியமான சண்டை விமானம் இதுதான். ஆஸ்திரேலிய விமானப்படையின் 453-ஆம் ஸ்குவாட்ரன் இதைக் கோலாலம்பூர் சுங்கை பெசியிலிருந்து ஓட்டியது. டிசம்பர் 22 அன்று நகரத்துக்கு மேலேயே ஜப்பானியப் படையோடு வான்சண்டை நடந்தது. அந்தத் தளத்தில் 2018 வரை மலேசிய விமானப்படை இருந்தது. நம் ஊர் மண்ணில் நின்ற விமானம் என்பதால் தரைக்கு வேண்டிய மண், புல், நிறம் எல்லாம் நமக்குக் கண்ணால் பார்த்துப் பழகியவை.

அளவுக் கணக்கு

பஃபலோவின் இறக்கை விரிவு 10.67 மீட்டர். 1/48 என்றால் நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு, 48-ஆல் வகுத்தால் 222 மில்லிமீட்டர். நீளம் ஏறக்குறைய 8 மீட்டர், மாடலில் 167 மி.மீ. ஆக, 30 x 30 செ.மீ. பலகை போதும். 1/72 இன்னும் சிறியது, விலையும் குறைவு. ஆனால் விமானி இருக்கையின் வார்ப்பட்டை போன்றவற்றைப் புதிய கைகள் கையாள 1/48 தான் வசதி.

தமியா நிறுவனத்தின் 1/48 பஃபலோ 1970களின் அச்சு. பாகங்கள் குறைவு, அதனால் முதல் முயற்சிக்கு ஏற்றது. ஸ்பெஷல் ஹாபி நிறுவனத்தின் பஃபலோவில் நுணுக்கம் கூடுதல். ஆனால் பாகங்களைப் பொருத்திக் காட்டும் முளைகள் அதில் இல்லை, இரண்டு மூன்று மாடல் கட்டிய பிறகு அதற்குப் போகலாம்.

கருவிகள்: ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டகம்) வெட்டும் கட்டர், 11-ஆம் எண் பிளேடு மாட்டிய கத்தி, இடுக்கி, 400, 600, 1000 எண் மணல்தாள்கள், நீர்போல் ஓடும் பிளாஸ்டிக் பசை, மர வேலைக்கான வெள்ளைப் பசை, 6 மி.மீ. மாஸ்கிங் டேப், துணி மாட்டும் கிளிப் பத்து.

வெட்டுதல், ஒட்டுதல்

சட்டகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு கலந்த தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் தங்கியிருந்தால் சாயம் பிடிக்காது. வெந்நீர் வேண்டாம், மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும். கழுவும்போது தொட்டியின் துளைமேல் வடிகட்டி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், உதிரும் சின்னப் பாகம் அதில் நின்றுவிடும்.

ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு தடவையில் வெட்ட வேண்டும். முதலில் 2 மி.மீ. தள்ளி வெட்டி எடுங்கள். பிறகு மிச்சத்தைக் கத்தியால் சீவி, மணல்தாளில் தேய்த்துச் சமன் செய்யுங்கள். ஒரேயடியாக ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளுக்கும் அல்லது பாகத்தில் பள்ளம் விழும். பிறகு அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரு மணி நேரம் போகும்.

விமானி அறையை முதலில் முடியுங்கள். பஃபலோவின் கண்ணாடிக் கூண்டு பெரியது, உள்ளே இருப்பது நன்றாகத் தெரியும். வயிற்றுப் பக்கத்திலும் ஒரு சாளரம் உண்டு. மாடல் பெட்டியில் இருக்கைப் பட்டை இல்லையென்றால் மாஸ்கிங் டேப்பில் 1 மி.மீ. அகலத்துக்குக் கீற்று வெட்டி ஒட்டுங்கள். நிஜத்தில் அது 48 மி.மீ. அகலம் என்று ஆகிறது, கண்ணுக்குச் சரியாக இருக்கும்.

உடலின் இரண்டு பாதிகளையும் பசையில்லாமல் சேர்த்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அநேகமாக உள்ளே விமானி அறையின் ஓரம் இடிக்கிறது, அதைத் தேயுங்கள். பாதிகளைக் கிளிப்பால் பிடித்துக்கொண்டு, நீர்ப்பசைத் தூரிகையைப் பிளவின் ஓரத்தில் தொட்டால் போதும், பசை தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பசை ஓடும் பாதையில் விரலோ கிளிப்போ டேப்போ இருக்கக்கூடாது. இருந்தால் பசை அதன் அடியிலும் ஓடி, உங்கள் கைரேகையை உடலில் அப்படியே பதித்துவிடும். ஐந்து நொடி கழித்து மெல்ல அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் ஒரு நூல்போல் வெளியே பிதுங்கும், அதுவே பிளவை நிரப்பும். ஒரு முழு நாள் காயவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால் உள்ளே காயாத பிளாஸ்டிக் பின்னர் சுருங்கி, சாயத்துக்கு மேலே கோடாகத் தெரியும்.

மூக்கில் எடை வைக்கத் தேவையில்லை. பஃபலோ வால் சக்கரத்தில் உட்காரும் விமானம்.

ஒன்பது சிலிண்டர் கொண்ட ரைட் சைக்ளோன் இயந்திரத்தைக் கருப்படித்து, தூரிகையில் வெள்ளிச் சாயத்தைத் தொட்டுத் தாளில் துடைத்துவிட்டு, மிச்சம் ஒட்டியிருப்பதைக் கொண்டு மேடுகளை மட்டும் தடவுங்கள். அதைத் தனியாக வைத்திருந்து கடைசியில் மாட்டலாம்.

நம் ஊர் ஈரத்தில் சாயம்

வெளிநாட்டு விளக்கங்களைப் பார்த்துச் செய்பவர்களுக்கு இங்கே தவறிப்போகும் இடம் இதுதான். கோலாலம்பூரில் விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், பிற்பகலில் மழை வருவதற்கு முன் 60-ஐ ஒட்டி இறங்கும். லாக்கர் சாயத்தின் தினர் (சாயத்தை நீர்க்கச் செய்யும் திரவம்) வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து, சாயம் பால்போல் வெளுத்துப்போகிறது. சாயம் கெட்டுவிட்டது என்று நினைத்து டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். மெதுவாக ஆவியாகும் லெவலிங் தினரை மட்டும் அதன்மேல் மெல்லிய படலமாக அடித்தால் பெரும்பாலும் வெண்மை மறைந்துவிடும். மறுமுறை சாயம் கலக்கும்போதே அந்தத் தினரைப் பயன்படுத்துங்கள்.

மழை பெய்யும்போதும் பெய்து ஓய்ந்த மாலையிலும் சாயம் அடிக்க வேண்டாம். காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டு வரை நல்ல நேரம். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் சாயம் தெளிக்கும் கருவி) பயன்படுத்தினால் கம்ப்ரெசரில் ஈரம் பிடிக்கும் குப்பி கட்டாயம், இல்லையென்றால் பாதி இறக்கையில் தண்ணீர்ப் பொட்டு தெறிக்கும். கொண்டோவில் இருப்பவர்கள் சன்னலை ஒட்டி, காற்றை வெளியே தள்ளும் விசிறி வைத்து, முகக்கவசம் அணிந்து அடியுங்கள். சாதாரணத் துணிக் கவசம் லாக்கர் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ளது வேண்டும்.

முதலில் சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சுச் சாயம்) ஒரு மெல்லிய பூச்சு. ஒட்டிய இடத்தில் மறைந்திருந்த பிளவெல்லாம் இப்போது தெரியும், நிரப்பித் தேய்த்துவிட்டு மேலே போங்கள். பிறகு வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு வர வேண்டும். அடிப்பக்கத்துக்கு ஸ்கை எனப்படும் வெளிர் பச்சை, தமியா எக்ஸ்எஃப்-21. மேலே மண்நிறம், எக்ஸ்எஃப்-52. அதன்மேல் அடர் பச்சைத் திட்டுகள், எக்ஸ்எஃப்-81. ஏர்பிரஷ்ஷுக்கு ஒரு பங்கு சாயத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு தினர், அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. பச்சைத் திட்டின் ஓரத்தை மறைக்க புளூ டாக்கை (பிசைந்து ஒட்டும் மாவுபோன்ற பசை) சேமியாபோல் 2 மி.மீ. தடிமனுக்கு உருட்டி வளைத்து ஒட்டுங்கள். டேப்பைவிட மென்மையான ஓரம் கிடைக்கும்.

தூரிகையால் பூசுபவர்கள் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சாயத்தைப் பால்பதத்துக்கு நீர்த்து, மூன்று பூச்சு பூசுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், அதைத் திருத்தப்போனால் அடியிலிருப்பதும் உரிந்து வரும்.

கண்ணாடிக் கூண்டின் சட்டங்களுக்குப் பொறுமை வேண்டும். பஃபலோவில் அவை அதிகம். டேப்பை 1 மி.மீ. கீற்றுகளாக வெட்டி ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்தையும் முதலில் சுற்றி அடைத்து, நடுவை மாஸ்கிங் திரவத்தால் நிரப்புங்கள். முதலில் உள்நிறம், அதன்மேல் வெளிநிறம். கூண்டை ஒட்ட வெள்ளைப் பசைதான். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியைப் புகைபடிந்ததுபோல் ஆக்கிவிடும்.

டெக்கால்

டெக்கால் என்பது சின்னங்கள் அச்சிட்ட, நீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படலம். மட் (பளபளப்பில்லாத) சாயத்தின் மேல் அதை நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று தங்கி, வெள்ளி பூத்ததுபோல் தெரியும். அதனால் முதலில் பளபளப்பான வார்னிஷ் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். டெக்காலை வெதுவெதுப்பான நீரில் இருபது முப்பது நொடி ஊறவைத்து, தானாக நகரும்வரை காத்திருந்து தள்ளுங்கள். மென்மையாக்கும் திரவம் தடவியதும் அது சுருங்கிச் சுருங்கி எழும். பதறித் தொட்டுவிடாதீர்கள், பத்து நிமிடத்தில் தானே படியும். எல்லாம் காய்ந்ததும் மட் வார்னிஷ்.

இன்னொன்றும் கவனியுங்கள். 1941 டிசம்பர் என்றால் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருக்க வேண்டும். ஜப்பானியச் சிவப்புச் சூரியனோடு குழப்பம் வராமலிருக்க இந்த வட்டாரத்தில் அந்தச் சிவப்பை நீக்கியது 1942-இல்தான். 453-இன் குறியெழுத்து டிடி (TD).

எவ்வளவு அழுக்கு?

பஃபலோக்கள் இங்கே வந்ததே 1941-இல்தான். ஒரு வருடம்கூட ஆகாத விமானத்தைத் துருப்பிடித்த பழைய லோரிபோல் ஆக்குவது தவறு. விமானி காலை ஊன்றி ஏறும் இறக்கையின் வேரில் மட்டும், கிழித்த ஸ்பாஞ்சில் வெள்ளியைத் தொட்டு லேசாக ஒற்றுங்கள். புகைப்போக்கிக்குப் பின்னால் பழுப்பும் கருப்பும் கலந்த ஒரு கீற்று. சக்கரங்களிலும் வாலின் அடியிலும் செம்மண் நிறப் பொடியை உலர்ந்த தூரிகையால் தடவுங்கள். அந்தச் செம்மண், தரையில் நீங்கள் போடும் மண்ணின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். தரையை முதலில் முடிவு செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

தரை

காட்சி எளிமையாக இருக்கட்டும்: விமானத் திடலின் ஓரம், ஒரு லோங்காங் (வடிகால்), கொஞ்சம் லாலாங் புல், எண்ணெய்ப் பீப்பாய் மூன்று, இரண்டு மெக்கானிக். ரப்பர் மரம் வைக்க ஆசை வரும். 15 மீட்டர் மரம் இந்த அளவில் 31 செ.மீ. உயரம் வந்து விமானத்தையே விழுங்கிவிடும். வேண்டுமானால் 6 மீட்டர் இளமரம் ஒன்று, 12 செ.மீ.

பலகைமேல் 20 மி.மீ. ஃபோம் ஒட்டுங்கள். ஒரு மூலையில் 15 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆழத்துக்கு லோங்காங் வெட்டுங்கள். சுவர்ப்பூச்சுத் தூள் மூன்று பங்கு, வெள்ளைப் பசை ஒரு பங்கு, பழுப்பு அக்ரிலிக் சாயம் ஒரு கரண்டி சேர்த்து, இட்லி மாவுப் பதத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி 3 மி.மீ. கனத்துக்குப் பூசுங்கள். சாயம் கலந்திருந்தால் பின்னர் எங்காவது பெயர்ந்தாலும் வெள்ளையாகப் பல்லிளிக்காது. ஈரமாக இருக்கும்போதே விமானத்தின் சக்கரங்களில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, நிற்க வேண்டிய இடத்தில் லேசாக அழுத்தி எடுங்கள். அந்த அரை மில்லிமீட்டர் பள்ளம் இல்லாவிட்டால் விமானம் மண்ணில் நிற்காமல் மிதப்பதுபோல் தோன்றும்.

மண் உண்மையான செம்மண்ணாகவே இருக்கலாம். தேநீர் வடிகட்டியால் இரண்டு முறை சலியுங்கள். அரை மில்லிமீட்டர் பருக்கை இந்த அளவில் 24 மி.மீ. கல். சலித்த மண்ணை அவன் அடுப்பில் 120 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் வாட்டுங்கள். இதை விட்டுவிட்டால் நம் ஈரத்தில் ஒரே மாதத்தில் பூஞ்சை வெள்ளையாகப் படரக்கூடும். நீர்த்த வெள்ளைப் பசையின்மேல் தூவிக் காயவிடுங்கள். பசை மண்ணைக் கருக்கச் செய்யும் என்பதால் கடைசியில் வெளிறிய செம்மண் நிறத்தைத் தூரிகையால் தடவி மேலெழுப்ப வேண்டும்.

லாலாங்குக்குத் தேங்காய் நார். பச்சையும் மஞ்சளும் கலந்த சாயத்தில் தோய்த்து உலர்த்தி, பத்துப் பதினைந்து இழையை ஒரு கொத்தாக்கி, ஊசியால் துளையிட்டு நடுங்கள். லோங்காங் ஓரத்தில் 15 முதல் 20 மி.மீ. உயரம், திடல் பக்கம் வரவர 5 மி.மீ. நுனியைக் கோணல்மாணலாக வெட்டுங்கள், ஒரே சீராக வெட்டினால் துடைப்பம்போல் இருக்கும்.

லோங்காங்கில் நிற்கும் தண்ணீருக்கு ஒளியில் இறுகும் ரெசின். ஒரு சொட்டுப் பழுப்பு கலந்து தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்குக் கொண்டுவந்து, 1 மி.மீ. வீதம் மூன்று அடுக்காக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் அடியில் இறுகாது.

200 லிட்டர் பீப்பாய் மாடலில் 12 மி.மீ. அகலம், 18 மி.மீ. உயரம் வரும். நின்றுகொண்டிருக்கும் மனிதன் 36 மி.மீ.

நிறுத்துதல்

விமானத்தைப் பலகையின் விளிம்புக்கு இணையாக வைக்காதீர்கள், 15 அல்லது 20 பாகை திருப்பினால் காட்சிக்கு உயிர் வரும். மெக்கானிக் இருவரும் ஒரே பொருளைப் பார்க்கும்படி வையுங்கள், பார்ப்பவர் கண்ணும் அங்கே போகும். சக்கரங்களின் அடியில் 0.8 மி.மீ. துளையிட்டுக் கம்பி செருகி, பலகையிலும் துளையிட்டு இறக்குங்கள். பசை மட்டும் போட்டால் பலகையைத் தூக்கும்போது கால் முறியும்.

அக்ரிலிக் பெட்டியால் மூடி, பலகையின் அடியில் குழி செய்து சிலிகா ஜெல் பை ஒன்று வையுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். சன்னல் வெயில் படும் இடம் வேண்டாம். யாரிடமாவது காட்ட எடுத்துப்போகும்போது பூட்டிய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் முதலில் தொங்குவது இறக்கைகள்தான்.