ஓப்பன்ஸ்டாக்கில் பயனர் கணக்கு, புராஜெக்ட், ரோல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்திலோ, வண்ணார்பேட்டையில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்திலோ ஒரு சர்வரைப் பலர் பகிர்ந்து பயன்படுத்த உதவும் மேகத்தளமான ஓப்பன்ஸ்டாக்கை நிறுவி முடித்தவுடன் எழும் முதல் கேள்வி, யாரை உள்ளே விடுவது, எதுவரை விடுவது என்பதுதான். நிறுவும்போது கிடைத்த அட்மின் கடவுச்சொல்லையே எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் உண்டு. அப்படித் தொடங்கிய இடத்தில் ஒரு மெய்நிகர் இயந்திரம் (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் தனிக் கணினி) அழிக்கப்பட்டால், அழித்தவர் யார் என்று எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் தெரியாது. அங்கே இருப்பது ஒரே பெயர்தான். ஆளுக்கொரு கணக்கு, வேலைக்கொரு புராஜெக்ட் (அந்த வேலைக்குரிய இயந்திரங்களும் சேமிப்பும் அடங்கிய தனிப் பிரிவு), தேவைக்கு மேற்படாத ரோல் (அனுமதியின் அளவு) என்ற ஒழுங்கை முதல் நாளிலேயே அமைத்துவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து 2010-இல் தொடங்கிய திறமூல மேகத்தளம் ஓப்பன்ஸ்டாக். அதில் அடையாளம், அனுமதி ஆகிய இரண்டையும் கவனிக்கும் சேவைக்குக் கீஸ்டோன் என்று பெயர். உலாவியில் திறக்கும் ஹொரைசன் பலகை வழியாகவே படி 6-இல் வரும் சாவி நீக்கத்தைத் தவிர, கீழ்க்காணும் எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்பதால், கட்டளைவரியைத் தொடவேண்டிய அவசியம் இல்லை.

எடுத்துக்காட்டாக, 64 ஜிபி நினைவகம் கொண்ட ஒரே சர்வரில் மூன்று வேலைகள் நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் அன்றாட நீர்மட்டத்தைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்று. பத்தமடைப் பாய் விற்கும் இணையக் கடை ஒன்று. மாணவர்களின் செய்முறை வகுப்பு ஒன்று. இவற்றுக்கு ‘நீர்மட்டம்’, ‘பாய்க்கடை’, ‘ஆய்வகம்’ என்று மூன்று புராஜெக்டுகளை உருவாக்கப் போகிறோம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

இயந்திரங்களும் சேமிப்பு வால்யூம்களும் வலையமைப்புகளும் புராஜெக்டுக்குச் சொந்தமானவை; அவற்றை உருவாக்கிய ஆளுக்குச் சொந்தமானவை அல்ல. ரோல் என்பதும் தனியாக ஓர் ஆளுக்கு வழங்கப்படுவதில்லை. இன்ன புராஜெக்டில் இன்னாருக்கு இன்ன ரோல் என்றே வழங்கப்படுகிறது. ஆகவே ஒரே மாணவி ‘ஆய்வகம்’ புராஜெக்டில் இயந்திரங்களை உருவாக்கவும் அழிக்கவும் உரிமை பெற்றவராகவும், ‘நீர்மட்டம்’ புராஜெக்டில் பார்வையிட மட்டும் உரிமை பெற்றவராகவும், ‘பாய்க்கடை’ என்று ஒன்று இருப்பதே தன் பலகையில் தெரியாதவராகவும் இருக்க முடியும். இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை எல்லாம் படிவம் நிரப்பும் வேலைதான். பழைய கையேடுகளில் ‘டெனன்ட்’ என்று வருவதும் புராஜெக்டைத்தான் குறிக்கிறது.

படி 1: புராஜெக்டை உருவாக்குதல்

அட்மின் கணக்கில் உள்நுழைந்து, இடப்பக்கப் பட்டியலில் ‘ஐடென்டிட்டி’ பகுதியின் கீழ் ‘புராஜெக்ட்ஸ்’ என்பதைத் திறந்து, ‘கிரியேட் புராஜெக்ட்’ பொத்தானை அழுத்துங்கள். பெயரையும், ஆறு மாதம் கழித்து வேறொருவர் படித்தாலும் புரியும்படியான ஒரு வரி விளக்கத்தையும் எழுதிச் சேமித்தால் போதும். பட்டியலில் ‘சர்வீஸ்’ என்ற பெயரில் ஒரு புராஜெக்ட் முன்பே இருப்பதைக் காண்பீர்கள்; அது ஓப்பன்ஸ்டாக் தன் சொந்தச் சேவைகளுக்காக வைத்திருப்பது. அதைத் தொடாதீர்கள்.

படி 2: கோட்டாவை அளந்து வைத்தல்

கோட்டா என்பது ஒரு புராஜெக்ட் பயன்படுத்தக்கூடிய உச்ச அளவு. பலரும் தாண்டிச் செல்லும் படி இது. நான் இதில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். தாமிரபரணியின் ஒவ்வொரு கால்வாய்க்கும் தலைமடை வைத்து நீரை அளந்து விடாவிட்டால் கடைமடை வயல் காய்ந்துபோவதைப் போல, புராஜெக்டுக்குக் கோட்டாவை அளந்து வைக்காவிட்டால் முந்திக்கொண்டவர் சர்வரின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வார்.

நீங்கள் எதையும் மாற்றாத நிலையில் ஒவ்வொரு புராஜெக்டுக்கும் 10 இயந்திரங்கள், 20 மெய்நிகர் சிபியு, 51,200 எம்பி நினைவகம் என்ற அளவு தானாகவே கிடைக்கிறது. நம் சர்வரின் 64 ஜிபி என்பது 65,536 எம்பி. மூன்று புராஜெக்டுகளுக்கும் சேர்த்துத் தளம் அனுமதிப்பதோ 1,53,600 எம்பி. அதாவது ‘ஆய்வகம்’ மட்டும் தன் முழு அளவையும் பயன்படுத்திக்கொண்டால், மற்ற இரண்டுக்கும் ஓப்பன்ஸ்டாக் சேவைகளுக்கும் சேர்த்து எஞ்சுவது 14,336 எம்பி மட்டுமே.

ஆகவே கணக்குப் போட்டுப் பிரிக்க வேண்டும். ‘பாய்க்கடை’க்கு 8,192, ‘நீர்மட்டம்’ புராஜெக்டுக்கு 16,384, ‘ஆய்வகம்’ புராஜெக்டுக்கு 24,576 என்று வைத்தால் மொத்தம் 49,152 எம்பி ஆகிறது. மீதமுள்ள 16,384 எம்பி தளத்தின் சொந்தத் தேவைக்கு நிற்கும். ஆய்வகத்துக்குக் கொடுத்த 24,576 எம்பியில் 1 ஜிபி இயந்திரங்கள் 24 ஓடலாம். ஆனால் இயந்திர எண்ணிக்கையின் இயல்பளவு 10 என்பதால், வகுப்பில் 11-ஆவது மாணவர் இயந்திரத்தைத் தொடங்கும்போது கோட்டா முடிந்தது என்ற செய்திதான் வரும். நினைவகம் தாராளமாக இருந்தும் வேலை நிற்கும். எனவே இயந்திர எண்ணிக்கை, சிபியு ஆகிய இரண்டையும் 24 என்று உயர்த்த மறவாதீர்கள். புராஜெக்டின் வரிசையில் வலப்பக்கமுள்ள கீழிறங்கு பட்டியலில் ‘மாடிஃபை கோட்டாஸ்’ என்ற இடத்தில் இவை எல்லாம் இருக்கின்றன.

படி 3: பயனர் கணக்கு

‘ஐடென்டிட்டி’ பகுதியில் ‘யூசர்ஸ்’, பிறகு ‘கிரியேட் யூசர்’. பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் ஆகியவற்றுடன் ‘பிரைமரி புராஜெக்ட்’, ‘ரோல்’ என்ற இரண்டு தேர்வுகளும் அதே படிவத்தில் இருக்கும். புராஜெக்டைத் தேர்ந்தெடுக்காமலும் கணக்கைச் சேமித்துவிடலாம். ஆனால் எந்தப் புராஜெக்டிலும் ரோல் இல்லாத ஒருவர் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும், எந்தப் புராஜெக்டுக்கும் உங்களுக்கு அனுமதி இல்லை என்ற பொருளில் ஒரு செய்தி வந்து வாசலிலேயே நிறுத்தப்படுவார். கடவுச்சொல் தவறு என்று எண்ணிப் பலர் அதைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்ப்பதை இந்தச் சூழலில் காணலாம். மாற்ற வேண்டியது ரோலைத்தான்.

இந்தப் பட்டியலில் நோவா, நியூட்ரான், கிளான்ஸ் போன்ற பெயர்களில் கணக்குகள் தென்படும். அவை ஆட்கள் அல்லர். சேவைகள் கீஸ்டோனிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் கணக்குகள். பட்டியலைச் சுத்தம் செய்வதாக எண்ணி அவற்றில் ஒன்றை நீக்கினாலோ, கடவுச்சொல்லை மாற்றினாலோ, அந்தச் சேவை அப்போதே நின்றுவிடும்.

படி 4: ரோலை வழங்குதல்

இன்றைய பதிப்புகளில் தொடக்கநிலையாளருக்குத் தேவைப்படுபவை மூன்றே: ‘ரீடர்’ பார்வையிடுவதற்கு, ‘மெம்பர்’ புராஜெக்டுக்குள் உருவாக்கவும் மாற்றவும் அழிக்கவும், ‘அட்மின்’ தளத்தை நிர்வகிக்க. ‘புராஜெக்ட்ஸ்’ பட்டியலில் உரிய வரிசையில் ‘மேனேஜ் மெம்பர்ஸ்’ என்பதை அழுத்தினால், இடப்பக்கம் தளத்தின் எல்லாப் பயனர்களும், வலப்பக்கம் அந்தப் புராஜெக்டின் உறுப்பினர்களும் தெரிவார்கள். இடப்பக்கப் பெயருக்கு அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தினால் அவர் வலப்பக்கம் போவார். அங்கே அவர் பெயரை ஒட்டியுள்ள சிறு பட்டியலில் ரோலைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ‘நீர்மட்டம்’ புராஜெக்டுக்கு மட்டும் ஒரு தலைவர் இருக்கட்டும் என்று நினைத்து ஒருவருக்கு அந்தப் புராஜெக்டில் ‘அட்மின்’ ரோலைக் கொடுத்தால், இயல்பான விதிகளின்படி அந்த அதிகாரம் அந்தப் புராஜெக்டோடு நிற்பதில்லை. மேகத்தளம் முழுவதற்கும் அவர் நிர்வாகியாகிவிடுவார். பெயரைப் பார்த்து ஏமாந்து இதைச் செய்துவிடாதீர்கள். புராஜெக்ட் தலைவருக்கும் ‘மெம்பர்’ போதும். அடுத்தது, பழைய பதிப்புகளில் பல சேவைகள் ஒருவர் எந்தப் புராஜெக்டைச் சேர்ந்தவர் என்பதை மட்டுமே சோதித்தன, ரோலைப் பார்க்கவில்லை. அதனால் ‘ரீடர்’ என்று பெயர் கொடுக்கப்பட்டவரும் இயந்திரத்தை அழித்துவிட முடிந்தது. உங்கள் தளம் எப்படி இருக்கிறது என்பதை அறிய, ‘ரீடர்’ ரோல் மட்டும் கொண்ட ஒரு சோதனைக் கணக்கில் உள்நுழைந்து, தேவையற்ற ஓர் இயந்திரத்தை அழிக்க முயன்று பாருங்கள். மறுக்கப்பட்டால் நிம்மதி. அழிந்துவிட்டால், விதிகள் சரிசெய்யப்படும் வரை ‘ரீடர்’ என்ற ரோலை நம்பி யாரையும் உள்ளே விடாதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டதை நம் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஓர் இரவில் அணை நீர்மட்டத்தைப் பார்க்க மக்கள் வரும் பக்கம், வகுப்பில் பழகும் ஒரு மாணவரின் கைதவறுதலால் நின்றுபோகக் கூடாது. ‘நீர்மட்டம்’ புராஜெக்டில் ‘மெம்பர்’ ஆக இருப்பவர்கள் இரண்டு அல்லது மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

படி 5: வகுப்பு முழுவதையும் குழுவாகச் சேர்த்தல்

மாணவர்களை ஒவ்வொருவராகப் புராஜெக்டில் சேர்க்காமல், ‘குரூப்ஸ்’ பகுதியில் பருவத்தின் பெயரில் ஒரு குழுவை உருவாக்கி, மாணவர்களை அதில் சேர்த்து, அந்தக் குழுவுக்கே ‘ஆய்வகம்’ புராஜெக்டில் ‘மெம்பர்’ ரோலைக் கொடுங்கள். புராஜெக்டின் பட்டியலிலுள்ள ‘மாடிஃபை குரூப்ஸ்’ இதற்கானது. பருவத்தேர்வு முடிந்ததும் குழுவைப் புராஜெக்டிலிருந்து நீக்கினால் எல்லோருடைய அனுமதியும் ஒரே சொடுக்கில் விலகிவிடும்.

படி 6: ஒருவர் விலகும்போது

சேர்ப்பதைவிட விலக்குவதில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். வேலை கிடைத்துச் சென்னைக்குப் போகும் ஒருவரின் கணக்கை உடனே நீக்காமல், முதலில் ‘டிசேபிள் யூசர்’ என்று முடக்கி வையுங்கள். முடக்கிய கணக்கை மீண்டும் இயக்கலாம். நீக்கியதை மீட்க முடியாது. அவர் உருவாக்கிய இயந்திரங்கள் புராஜெக்டுக்குச் சொந்தம் என்பதால் அவை தொடர்ந்து ஓடும்.

ஆனால் கணக்கை முடக்கியதோடு அவருடைய வழி முழுவதும் அடைபட்டுவிடுவதில்லை. இயந்திரத்தை உருவாக்கும்போது அவர் தேர்ந்தெடுத்த எஸ்எஸ்ஹெச் சாவியின் (தொலைவிலிருந்து இயந்திரத்துக்குள் நுழைய உதவும் மின்னணுச் சாவியின்) பொதுப்பகுதி அந்த இயந்திரத்துக்குள் நகலெடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. கீஸ்டோனில் கணக்கை முடக்குவதோ நீக்குவதோ அந்த நகலைத் தொடாது. எனவே ஒவ்வோர் இயந்திரத்துக்குள்ளும் சென்று, அனுமதிக்கப்பட்ட சாவிகள் பட்டியலில் அவருக்குரிய வரியை அழிக்க வேண்டும். அதற்கு முன், உங்கள் சாவி அங்கே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் இயந்திரத்துக்குள் நுழைய யாராலும் முடியாது.

நிரல்களுக்கு வழங்கும் ‘அப்ளிகேஷன் கிரெடென்ஷியல்’ இதற்கு நேர்மாறானது. 2018-இல் வந்த குயின்ஸ் பதிப்பிலிருந்து கிடைக்கும் இந்த வசதியில், ஒரு நிரல் தன் உரிமையாளரின் கடவுச்சொல் இல்லாமலே தளத்தை அணுகலாம். அதன் இரகசியக் குறியீடு உருவாக்கும்போது ஒரே ஒரு முறைதான் காட்டப்படும். உரிமையாளர் கணக்கு நீக்கப்பட்டாலோ, அந்தப் புராஜெக்டில் அவருடைய ரோல் பறிக்கப்பட்டாலோ, கிரெடென்ஷியலும் அதோடு செத்துவிடும். நீர்மட்டத் தரவை நாள்தோறும் தளத்தின் சேமிப்பில் ஏற்றும் நிரல் அப்படி விலகும் ஒருவரின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தால், அவர் விலகிய நாளே தரவு நின்றுபோகும். ஆகவே இத்தகைய நிரல்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதற்கு ‘நீர்மட்டம்’ புராஜெக்டில் மட்டும் ‘மெம்பர்’ ரோல் கொடுத்து, அந்தக் கணக்கில் உள்நுழைந்தே கிரெடென்ஷியலை உருவாக்குங்கள்.

புராஜெக்டையே நீக்குவதானால், அதற்குள் இருக்கும் இயந்திரங்கள், வால்யூம்கள், வலையமைப்புகள் ஆகியவற்றை முதலில் நீக்க வேண்டும். புராஜெக்டை மட்டும் நீக்கினால் கீஸ்டோன் அதன் பெயரை அழித்துவிடும், இயந்திரங்களோ உரிமையாளர் இல்லாமல் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி விடுபட்டவை இருக்கின்றனவா என்று பார்க்க, ‘அட்மின்’ பகுதியிலுள்ள ‘இன்ஸ்டன்ஸஸ்’ பக்கத்தில் புராஜெக்ட் பெயருக்கான நெடுவரிசையை மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.