கிளிக் கூண்டு: பட்டறைக்காரன் பார்வையில்

வட்டக் கூண்டு கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவது என் வழக்கம். தூத்துக்குடியில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல், கேட், மாடிப்படிக் கைப்பிடி இவைதாம் அன்றாடப் பிழைப்பு. கிளிக் கூண்டு இடையிடையே வரும் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் கைபேசியில் குவிமாடம் வைத்த வட்டக் கூண்டின் படத்தைக் காட்டி, "அண்ணாச்சி, இதே மாதிரி வேண்டும்" என்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் கம்பிகள் மேலே போகப் போக நெருங்கி உச்சியில் ஒன்றாகக் கூடுகின்றன. கிளியோ அலகால் கம்பியைப் பிடித்து ஏறி, நேராக அந்த உச்சிக்குத்தான் போகும். அங்கே விரல் மாட்டினால் இழுத்து இழுத்தே முறித்துக்கொள்ளும். மேலும், பயந்த பறவை முதுகை ஒட்டி நிற்க ஒரு மூலையைத் தேடும். வட்டத்தில் மூலை ஏது? செவ்வகக் கூண்டுக்குச் சம்மதித்தால் மட்டும் உட்காரச் சொல்வேன்.

அடுத்த கேள்வி, என்ன கிளி என்பது. பச்சைக்கிளி என்றால் வேலையை எடுக்க மாட்டேன். நம் ஊர் மரப்பொந்தில் வாழும் செந்தார்ப் பைங்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அது அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. "எல்லோரும்தானே வளர்க்கிறார்கள்" என்பார்கள். எல்லோரும் செய்வதால் குற்றம் குற்றமில்லாமல் போய்விடாது.

வளர்ப்புப் பண்ணையில் பொரித்த வெளிநாட்டுக் கிளிகள் வேறு கணக்கு. நம் கடைக்காரர்கள் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜி, கொண்டை வைத்த காக்டெயில் இரண்டும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கான சைட்டிஸ் பட்டியலில் இல்லை. சன் கான்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2024-இல் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுத் தாளை விற்பவரிடம் முதலில் வாங்குங்கள். கூண்டை அப்புறம் பேசலாம்.

இனம் தெரிந்தால்தான் அளவு சொல்ல முடியும். கிளி பக்கவாட்டில் பறக்கிற பறவை. நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்பிப் பறப்பதில்லை. ஆகவே உயரத்துக்குக் கொடுக்கும் காசை அகலத்துக்குக் கொடுங்கள். ஐந்தடி உயரம், ஒன்றரை அடி அகலம் என்று கடைகளில் நிற்கும் கூண்டுகளில் பறவை மேல் கம்பிலேயே உட்கார்ந்திருக்கும். கீழே உள்ள மூன்றடியும் வீண். கூண்டின் நடுவே இரண்டு சிறகையும் முழுக்க விரித்து ஒரு சுற்றுத் திரும்ப இடம் வேண்டும், கம்பில் அமர்ந்தால் வால் எதிலும் உரசக் கூடாது. இதற்குக் குறைந்த கூண்டு எந்தக் கிளிக்கும் ஆகாது.

பட்ஜி ஜோடிக்கு இரண்டரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உயரமும் சொல்வேன். ஒற்றைக் காக்டெயிலுக்கு இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம், இரண்டடி உயரம். ஜோடி என்றால் அகலத்தை மூன்றடியாக்க வேண்டும். கான்யூருக்கு இரண்டுக்கு இரண்டு, உயரம் இரண்டரை. சாம்பல் கிளிக்கு மூன்றடி அகலம், இரண்டடி ஆழம், நான்கடி உயரம். மக்காவ் சிறகை விரித்தால் ஒரு மீட்டரை எட்டும். நான்கடி அகலமும் மூன்றடி ஆழமும் ஐந்தடி உயரமும் அதற்குத் தூங்கும் அறை மட்டுமே, பகலில் வெளியே விட்டாக வேண்டும். இரண்டு அறை வீட்டுக்காரர் மக்காவுக்குக் கூண்டு கேட்டால் வேறு பறவை பார்க்கச் சொல்வேன். இவையெல்லாம் குறைந்தபட்ச அளவுகள். பெரிதாகச் செய்தால் யாருக்கும் நட்டமில்லை.

பெரிதாக்கும்போது கம்பி இடைவெளியையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடாதீர்கள். தலை நுழைகிற சந்தில் கிளி தலையை நுழைத்தே தீரும். திரும்ப இழுக்கத் தெரியாமல் திணறும். பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் அரை அங்குலம், கான்யூருக்கு அரையிலிருந்து முக்கால் அங்குலம், சாம்பல் கிளிக்கு முக்காலிலிருந்து ஓர் அங்குலம், மக்காவுக்கு ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை. கடையில் வாங்குவதென்றால் டேப்பைக் கையில் கொண்டுபோய், பக்கக் கம்பிகளோடு நிறுத்தாமல் கதவின் ஓரம், தீனிக் கிண்ணத்தின் சிறு கதவு, அடித் தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்து எல்லாவற்றையும் அளந்து பாருங்கள். பக்கங்கள் சரியாக இருக்கும், கதவோரத்தில் ஒரு விரல் அதிகமாக இருக்கும். மலிவுக் கூண்டுகளில் தவறு அங்கேதான். பிறகு இரண்டு கம்பிகளைக் கட்டைவிரலால் விலக்கிப் பாருங்கள். விலகினால் அளவு சரியாக இருந்தும் பயனில்லை. கம்பியின் தடிமனைக் கேஜில் சொல்வோம்; எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். காக்டெயிலுக்கு 14 கேஜ், அதாவது 2 மில்லிமீட்டர் போதும். கான்யூருக்கு 12 கேஜ். சாம்பல் கிளிக்கு 10 கேஜைவிட மெல்லிய கம்பி கூடாது. மக்காவின் அலகு கொட்டை உடைக்கப் பிறந்தது. 5 மில்லிமீட்டர் கம்பிக்குக் கீழே நான் செய்வதில்லை. குறைந்தது இரண்டு பக்கங்களிலாவது கம்பி குறுக்குவாட்டில் ஓடட்டும். செங்குத்துக் கம்பியில் கிளி ஏற முயன்று சறுக்கிக்கொண்டே இருக்கும்.

இனி உலோகம். இதில்தான் நான் அதிகம் வாதாடுவேன். கிளி கூண்டுக்குள் சும்மா இருப்பதில்லை. கம்பியை அலகால் கடித்துப் பிடித்து ஏறும், நக்கும், சுரண்டும். கம்பியின் மேல் என்ன இருக்கிறதோ அது வயிற்றுக்குப் போகும். ஜிஐ என்கிற கால்வனைஸ்டு வலையின் மேற்பூச்சு துத்தநாகம். புது வலையைக் கூர்ந்து பாருங்கள்: கம்பிகள் கூடும் இடங்களில் வடிந்த மெழுகு போலத் துத்தநாகத் துளிகள் உறைந்து நிற்கும், ஓரங்களில் வெண்மையாகப் பொடி பூத்திருக்கும். இந்தத் துளிகளைக் கிளி கொத்தி விழுங்கினால் நஞ்சாகிவிடும். பறவை சோர்ந்து உட்காரும், வாந்தி எடுக்கும், தண்ணீர் மிகுதியாகக் குடிக்கும், முற்றினால் வலிப்பு வரும். ஈயமும் இதே வேலையைச் செய்யும். அப்படிச் சந்தேகம் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் எக்ஸ்ரே வசதி உள்ள கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டும்; விழுங்கிய உலோகத் துணுக்கு எக்ஸ்ரேயில் தெரியும். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கையில் ஜிஐக் கூண்டுதான் இருக்கிறது, மாற்ற வசதியில்லை என்றால், இரும்புப் பிரஷும் வினிகரும் கொண்டு துளிகளும் வெண்பொடியும் போகும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். ஆபத்து குறையும்; முழுக்கப் போகாது. வெண்பொடி மறுபடி பூத்தால் மறுபடி தேய்க்க வேண்டும். பித்தளைக் கூண்டும் இதே கதைதான். பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும் கலந்தது. தாத்தா காலத்துப் பித்தளைக் கூண்டைப் பூச்சட்டி வைக்கப் பயன்படுத்துங்கள்.

நல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலும் 304 என்று கேட்டு வாங்க வேண்டும். கடற்கரை ஊர்களில் 202 ரகம் சீக்கிரமே பழுப்பேறிவிடும்; அதில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, எனவே 304 என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். 202-உம் ஒட்டாது. இரண்டையும் பிரிக்கத் தனிச் சோதனைத் திரவம் உண்டு: ஒரு சொட்டு விட்டுச் சிறு பேட்டரியின் முனையை வைத்தால் 202 சிவந்துவிடும். எந்த ஸ்டீல் கடையிலும் இதைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம். செய்ய மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம்.

304 விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு இரும்புக் கம்பியில் பவுடர் கோட்டிங். பொடியைத் தூவி அடுப்பில் 180, 200 டிகிரியில் சுட்டு எடுத்த பூச்சு அது. நன்றாகச் சுட்டிருந்தால் காக்டெயில், கான்யூர் அலகுக்குத் தாங்கும். கோட்டிங் போடுகிறவரிடம் அடியில் துத்தநாக பிரைமர் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். கடலோரத்தில் துரு பிடிக்காமலிருக்க அதை அடிக்கும் பழக்கம் உண்டு. கேட்டுக்கு நல்லது, கிளிக்கு ஆகாது. கேட்டுக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்ட்டையும் கூண்டுக்கு அடிக்காதீர்கள். 2017 நவம்பர் முதல் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. தொழிற்சாலைப் பெயின்ட்டுகள் அந்த விதிக்குள் வருவதில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியும் வேண்டாம், முதல் வாரமே உரித்துத் தின்னும்.

பற்றவைத்த இடங்களைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய நைலான் சேலைத் துண்டு ஒன்றை எடுத்துக் கூண்டின் உட்புறம் முழுக்கத் தேய்த்துக்கொண்டே போங்கள். இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிர் இருக்கிறது; நாளைக்கு நகமும் நாக்கும் அங்கேதான் மாட்டும். வாடிக்கையாளர் இதைச் செய்தால் சில பட்டறைக்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

கதவு பக்கவாட்டில் திறக்க வேண்டும். மேலே தூக்கிவிடும் கதவு சின்னக் கூண்டுகளில் சாதாரணம், செய்வதற்கு மலிவு; ஆனால் கிளி அலகால் அதைத் தூக்கித் தலையை நீட்டும், கதவு கழுத்தில் விழும். வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒவ்வொரு கதவையும் கிளிப்பு மாட்டிப் பூட்டுங்கள். வாசல், கைமேல் பறவையை உட்காரவைத்து எடுக்கிற அளவு அகலமாக இருக்கட்டும். தாழ்ப்பாள் விஷயத்தில் சாம்பல் கிளியைக் குறைத்து எடை போடக் கூடாது. நீங்கள் திறப்பதைப் பார்த்துக்கொண்டேயிருந்து கற்றுக்கொள்ளும். திருகு மரை வைத்த கொக்கியோ சிறு பூட்டோதான் அதற்குச் சரி. சாவியை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டுங்கள்.

அடியில் இழுக்கும் தட்டும், அதற்கு மேலே கம்பித் தளமும் வேண்டும். எச்சமும் விழுந்த தீனியும் கீழே போய்விடும், பறவை அதைக் கிளறாது. தட்டில் செய்தித்தாள் போதும், தினமும் மாற்றுங்கள். எச்சத்தின் நிறம் மாறினால் உடனே கண்ணில் படும். கழுவ வெந்நீரும் வினிகரும். பினாயில் வேண்டாம்.

கூண்டோடு வரும் வழவழப்பான உருளைக் கம்புகளைக் கழற்றிவிட்டு வேம்பு, கொய்யாக் கிளைகளை வையுங்கள். ஓர் இடம் தடிப்பும் ஓர் இடம் மெலிவுமாக இருக்கும் கிளையில் கால் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே தடிமனில் நாளெல்லாம் நின்றால் பாதத்தில் புண் வரும். விரல்கள் கிளையை முக்கால் சுற்றுப் பிடிக்கிற தடிமன் சரி. அரளிக் கிளை மட்டும் கூடவே கூடாது, அது நஞ்சு. தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே கம்பு வைக்காதீர்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

வைக்கும் இடத்தைப் பற்றிப் பட்டறைக்காரனிடம் யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுவேன். சமையலறையும் அதையொட்டிய இடமும் வேண்டாம். நான்-ஸ்டிக் எனும் ஒட்டாத தவா அடுப்பில் மறந்துபோய்க் காய்ந்தால் அந்தப் பூச்சிலிருந்து எழும் புகை கிளியை நிமிடங்களில் கொன்றுவிடும். மனிதருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி இவற்றுக்கும் தூரம் வேண்டும், பூஜை அறைக்குப் பக்கத்துச் சுவரும் ஆகாது. ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி, நம் நெஞ்சு உயரத்தில், நேர் வெயிலும் ஏசிக் காற்றும் படாமல் இருக்கட்டும். பால்கனியில் ராத்திரி விடாதீர்கள், பூனையும் எலியும் வரும். பகலிலேயே காக்கை வந்து கம்பி வழியாகக் கால்விரலைக் கொத்தும். எறும்பு ஏறினால் கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். காக்டெயில் ராத்திரி திடுக்கிட்டுச் சிறகடித்து மோதும் பறவை. அந்த அறையில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

கடைசியாக, ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் வீட்டு வாசலை அளந்துகொண்டு வாருங்கள். உள்ளறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான். மூன்றடிக் கூண்டை முழுதாகப் பற்றவைத்துக் கொண்டுவந்தால் தெருவிலேயே நிற்கும். பெரிய கூண்டு எதுவானாலும் பக்கங்களைத் தனித்தனிப் பலகங்களாகச் செய்து, உள்ளே கொண்டுபோய் போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். போல்ட்டும் 304-ஆக இருக்க வேண்டும், மரை வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் ஒரு மாதத்தில் கிளியே கழற்றிக் கொடுத்துவிடும்.