டை கட்டிங், எம்பாஸிங்: எதை முதலில் செய்வது?

வாழ்த்து அட்டை செய்பவர்கள் பலர், டிசைன் புடைத்து நிற்கும்படி அழகாக எம்பாஸ் செய்துவிட்டு, அதன்பிறகு டையில் (தாளை வடிவமாக வெட்டும் உலோக அச்சு) வைத்து மெஷினில் வெட்டுகிறார்கள். மெஷின் உருளை மறுபடி அழுத்தும்போது, புடைத்து நின்ற பூவும் கொடியும் தட்டையாகிவிடும். அவ்வளவு உழைப்பும் வீணாவதைப் பார்க்க மனசு கேட்காது. முதலில் வெட்டுங்கள்; வெட்டிய துண்டை எம்பாஸிங் ஃபோல்டருக்குள் (டிசைன் பதித்த, இரண்டாக மடியும் பிளாஸ்டிக் உறை) வையுங்கள்.

அட்டை 200 முதல் 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வரை இருந்தால் நல்லது. ஆழமான டிசைன் என்றால், ஃபோல்டரில் வைக்குமுன் ஸ்ப்ரே பாட்டிலால் லேசாக ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள். காகித இழைகள் நெகிழ்ந்து கொடுக்கும், மடிப்பில் வெடிக்காது. ஆனால் தண்ணீரில் கரையும் மையால் அச்சுக் குத்திய அட்டைக்கு இது வேண்டாம், மை பரவிவிடும்.

நுணுக்கமான டையில் தாள் சிக்கிக்கொண்டால் ஊசியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டியதில்லை. டைக்கும் தாளுக்கும் நடுவே ஒரு துண்டு மெழுகுத்தாள் வைத்து வெட்டிப் பாருங்கள், தானாகக் கழன்று வரும்.

போட்டோ ஃபிரேமுக்கு, ஒரே வடிவத்தில் பெரிதும் சிறிதுமாக இரண்டு டை போதும். ஒன்றுக்குள் ஒன்று வைத்து, சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்து, எளிதில் உரியும் டேப்பால் ஒட்டிவிட்டு வெட்டுங்கள். இப்படி மூன்று சட்டம் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் வளையாது. எம்பாஸ் செய்த சட்டம் மட்டும் மேலே வரட்டும்; அதை ஃபோம் டேப்பால் ஒட்டினால் புடைப்பு அமுங்காது.