சுத்தியலைத் தேடியபோது கிடைத்த ரோமானிய வெள்ளி

1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள ஹாக்ஸன் கிராமத்து வயலில், நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடி ஒருவர் மெட்டல் டிடெக்டருடன் இறங்கினார். கருவி கூவிய இடத்தில் வெள்ளிக் கரண்டிகளும் காசுகளும் அள்ள அள்ள வந்தன.

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். கை நிற்காது, முழுவதையும் தோண்டி மூட்டை கட்டிவிடத் தோன்றும். அவரும் கொஞ்சம் அள்ளினார், ஆனால் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து தோண்டினார்கள். மக்கிப்போன மரப்பெட்டியின் தடம், உரசாமலிருக்கக் கிண்ணங்களுக்கு நடுவே வைத்த வைக்கோல் எல்லாம் மண்ணில் அப்படியே இருந்தன. திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தோடு யாரோ பொறுமையாக அடுக்கியிருக்கிறார்கள். மூட்டைக்குள் போயிருந்தால் மிஞ்சுவது 14,865 காசுகளின் குவியல் மட்டும்தான்.

‘இரண்டு காசை நினைவுக்கு வைத்துக்கொள்வோமே’ என்பதும் ஆபத்து. ஹாக்ஸன் காசுகளில் மிகப் பிந்தியவை கி.பி. 407, 408இல் அடித்தவை. புதைத்தது அதற்குப் பிறகுதான் என்று தெரிவது அந்தச் சில காசுகளால். எடுத்துக்கொண்டது அவற்றில் ஒன்றாக இருந்துவிட்டால்?

வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல், வெள்ளிச் சொம்பை விபூதியால் துலக்குவதுபோல் இவற்றைத் தேய்க்கவே கூடாது. நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த வெள்ளி எளிதில் உடையும். கருமையோடு எழுத்தும் போய்விடும்.

ஓரம் வெட்டுண்ட காசைக் கழிவென்று ஒதுக்குவது இன்னொரு தவறு. எனக்குப் பிடித்தவை அவைதான். ஹாக்ஸனின் சிலிக்குவா என்னும் சிறு வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவற்றின் விளிம்பை நறுக்கியிருக்கிறார்கள், ஆனால் பேரரசரின் முகத்தில் கை வைக்கவில்லை. பிரிட்டனுக்குப் புதிய காசு வருவது நின்றுபோன காலத்தின் தடம் அது. நறுக்கிய வெள்ளியை உருக்கிப் போலிக் காசும் அடித்தார்கள்.

காசு மயக்கத்தில் மற்றதை மறப்பதும் உண்டு. இதில் மிளகுப்பொடி தூவும் வெள்ளிக் குப்பிகள் நான்கு இருந்தன. மிளகு போனது நம் தென்னிந்தியக் கரையிலிருந்து!

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைகூட உண்டு. ஹாக்ஸன் மனிதருக்கு 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி கிடைத்தது, நண்பரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது; அது இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.