லாஸ் வேகஸுக்கு முதல் பயணமா? குறைந்த பட்ஜெட்டில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் முறை லாஸ் வேகஸ் போகத் திட்டமிட்டபோது, ஓர் இரவுக்கு 42 டாலர் என்று போட்டிருந்த அறையைப் பார்த்ததும் பதிவு செய்துவிட்டேன். மூன்று இரவுக்கு 126 டாலர்; வரி கொஞ்சம் கூடினாலும் 150-க்குள் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. விடுதியின் வரவேற்பு மேசையில் நின்றபோதுதான் உண்மைக் கணக்கு தெரிந்தது. ஒவ்வோர் இரவுக்கும் ரிசார்ட் கட்டணம் 40 டாலர். அறை வாடகை, ரிசார்ட் கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து 13 சதவீதத்துக்கு மேல் வரி. மொத்தம் 280 டாலரை நெருங்கியது. போதாததற்கு டெபாசிட் என்று இன்னொரு தொகையையும் கார்டில் பிடித்து வைத்தார்கள். சூதாட்ட மேசைகள் இருக்கும் பக்கம் நான் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். அந்த ஊரில் பணம் போவது மேசையில்தான் என்று பயந்துகொண்டு போகிறவர்கள் அதிகம். சிக்கனமாகப் போய் வர நினைக்கிறவர்களுக்கு மேசை இரண்டாவது கவலைதான். அறைக் கதவுக்கும் மேசைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில்தான் பெரும்பாலும் பை காலியாகிறது.

அறை வாடகையை மட்டும் பார்ப்பது

ரிசார்ட் கட்டணம் என்பது வைஃபை, நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றுக்காக என்று சொல்லி வாங்குவது. நீங்கள் அவற்றைப் பயன்படுத்தாவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். ஸ்ட்ரிப் எனப்படும் முக்கிய வீதியின் பெரிய விடுதிகளில் இது இரவுக்கு 35 முதல் 55 டாலர் வரை போகும். வார நாட்களில் பல நேரம் அறை வாடகையைவிட இதுவே அதிகமாக இருக்கும்.

இப்போது நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. கட்டாயக் கட்டணங்களையெல்லாம் சேர்த்த விலையைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் கொண்டுவந்த விதி 2025 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் அரசு வரி அதற்குள் அடங்காமல் இருக்கலாம். பார்க்கிங், முன்கூட்டியே அறைக்குள் போவதற்கான கட்டணம் போன்ற 'விருப்பப்பட்டால் மட்டும்' வகைகளும் அடங்காது. அதனால் பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய், வரி உட்பட வரும் மொத்தத்தை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இரண்டு விடுதிகளை ஒப்பிட அந்த எண் ஒன்றே போதும்.

டெபாசிட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. டெபிட் கார்டோ, வெளிநாட்டிலிருந்து பணம் ஏற்றி எடுத்துவந்த ஃபாரக்ஸ் கார்டோ கொடுத்தால், பிடித்து வைத்த தொகை உங்கள் கைப்பணத்திலிருந்தே முடங்கிவிடும். திரும்பி வரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் ஊர் திரும்பும் நாள் வந்துவிடும். கிரெடிட் கார்டு இருந்தால் அதையே கொடுங்கள்.

நாளைப் பார்க்காமல் டிக்கெட் போடுவது

ஒன்றரை லட்சம் விடுதி அறைகள் இருக்கும் ஊர் அது. ஆனாலும் விலை ஊஞ்சல் மாதிரி ஆடும். ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு விலை. வெள்ளி, சனி இரவுகளில் அதே அறைக்கு இரண்டு மூன்று மடங்கு. ஜனவரித் தொடக்கத்தில் சி.இ.எஸ். மின்னணுக் கண்காட்சி, மார்ச்சில் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகள், 2023 முதல் நவம்பரில் ஃபார்முலா 1 கார் பந்தயம், அப்புறம் புத்தாண்டு இரவு. இந்த நாட்களில் பட்ஜெட் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் ஸ்ட்ரிப்பிலேயே தடுப்புகளும் வேலையும் நடக்கும். அப்போது போனால் நடக்கவும் சிரமம், பார்க்கவும் மறைவு. விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று அவசரப்படாமல், அந்த வாரத்தில் என்ன மாநாடு இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

'இதோ பக்கத்தில்தானே' என்று நினைப்பது

ஸ்ட்ரிப் என்பது லாஸ் வேகஸ் பொலிவார்டின் நான்கு மைல் சொச்ச நீளம். (சொல்லப்போனால் அதன் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை, பாரடைஸ் என்ற பகுதியில் இருக்கிறது.) கட்டடங்கள் ராட்சத அளவில் இருப்பதால் எல்லாம் கிட்டத்தில் இருப்பது போலத் தெரியும். பெலாஜியோ விடுதியிலிருந்து மாண்டலே பே விடுதி வரை ஏறத்தாழ இரண்டு மைல். வழியில் நடைமேம்பாலங்களில் ஏறி இறங்க வேண்டும். சில இடங்களில் விடுதிகளுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். பாலத்தின் மேல் நின்று படம் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே நிற்பதை, அந்தப் பகுதியை நிர்வகிக்கும் கிளார்க் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) 2024-இல் தடை செய்துவிட்டது.

இதில் வெயிலைச் சேர்த்துப் பாருங்கள். மொஹாவி பாலைவனத்தின் நடுவில் இருக்கிற ஊர். ஜூலையில் சராசரிப் பகல் வெப்பமே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 2024 ஜூலை 7 அன்று 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 49 டிகிரி செல்சியஸ் பதிவானது. காற்றில் ஈரம் இல்லாததால் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். உடம்பில் நீர் வற்றுவது தலைவலி வந்த பிறகுதான் புரியும். கூட வந்த என் நண்பருக்கு அப்படித்தான் நடந்தது, ஒரு முழு மாலையும் அறையிலேயே போயிற்று. மருந்துக்கடையில் தண்ணீர் பாட்டில்களை மொத்தமாக வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்குள் ஒரு பாட்டில் வாங்கும் விலையில் வெளியே ஒரு கட்டே வாங்கலாம். மாறாக, டிசம்பர், ஜனவரி இரவுகளில் நல்ல குளிர் இருக்கும், நீச்சல் குளங்கள் பலவும் மூடியிருக்கும். குளத்துக்காக விடுதியைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தூரத்தில் 25 டாலர் மலிவாக அறை கிடைக்கிறதே என்று எடுப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். தினமும் இரண்டு தடவை ஊபர் பிடித்தால் அந்த மிச்சம் போய்விடும். ஸ்ட்ரிப்பின் நடுப்பகுதியில் ஒரு பழைய விடுதியில் சாதாரண அறையே மொத்தத்தில் லாபம். இல்லாவிட்டால் பழைய நகர மையமான ஃப்ரீமான்ட் தெருப் பக்கம் தங்கலாம். அங்கிருந்து ஸ்ட்ரிப்புக்கு டியூஸ் என்ற இரட்டை அடுக்குப் பேருந்து இரவும் பகலும் ஓடுகிறது. ஒரு நாள் பாஸ் எடுத்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். மாலை நெரிசலில் மெதுவாகத்தான் போகும், அதற்குத் தயாராக இருங்கள்.

மோனோரயிலை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் கவனிக்க: அது ஸ்ட்ரிப்பின் கிழக்குப் பக்க விடுதிகளுக்குப் பின்னால் ஓடுகிறது. விமான நிலையத்துக்கும் போகாது, ஃப்ரீமான்ட்டுக்கும் போகாது. மாண்டலே பே, லக்ஸர், எக்ஸ்காலிபர் விடுதிகளை இணைக்கும் டிராமும், பார்க் எம்ஜிஎம், ஆரியா, பெலாஜியோவை இணைக்கும் டிராமும் இலவசம். கால் வலிக்கு அவைதான் மருந்து.

விமான நிலையத்திலிருந்து ஸ்ட்ரிப் விடுதிகளுக்கு டாக்சிக்கு மண்டல வாரியாக நிர்ணயித்த கட்டணம் உண்டு. ஏறும்போதே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாடகைக் காரை முழுப் பயணத்துக்கும் எடுக்க வேண்டாம். ஸ்ட்ரிப்பில் பெரும்பாலான விடுதிகள் தங்கியிருப்பவர்களிடமும் பார்க்கிங் கட்டணம் வாங்குகின்றன. ரெட் ராக் கேன்யனுக்கோ ஹூவர் அணைக்கோ போகும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

இலவசம் என்ற சொல்லுக்கு மயங்குவது

ஸ்ட்ரிப்பில் நடந்தால் சிரித்த முகத்தோடு ஒருவர் வந்து, எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று கேட்பார். ஷோ டிக்கெட் இலவசம், சாப்பாட்டுக் கூப்பன் இலவசம் என்பார். டைம்ஷேர் எனப்படும் பங்குமுறை விடுமுறை வீட்டை விற்பவர்கள் அவர்கள். இரண்டு மணி நேரம் என்று சொல்லிக் கூட்டிப்போன கூட்டத்தில் எங்கள் முன்பகல் முழுவதும் போனது. வேண்டாம் என்றதும் ஒருவர் மாற்றி ஒருவராக மூன்று பேர் வந்து பேசினார்கள். மூன்று நாள் பயணத்தில் அரை நாளின் விலை அந்த டிக்கெட்டைவிடப் பெரியது. வேடமிட்டு நிற்பவர்களோடு படம் எடுத்தால் காசு எதிர்பார்ப்பார்கள். அது அவர்கள் பிழைப்பு, கொடுக்க மனமில்லையென்றால் அருகில் நிற்காமல் நகர்ந்துவிடுங்கள். கையில் மணிமாலையோ சிடியோ திணித்தால் வாங்காதீர்கள்.

உண்மையான இலவசங்கள் அதே வீதியில் இருக்கின்றன. 1998 முதல் ஆடிக்கொண்டிருக்கும் பெலாஜியோ நீரூற்றுகள் என்னை ஒவ்வொரு முறையும் கட்டிப்போடுகின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் கால் மணிக்கு ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் வேறு பாட்டுக்கு. காற்று பலமாக அடித்தால் மட்டும் நிறுத்திவிடுவார்கள். அதே விடுதிக்குள் பருவத்துக்குப் பருவம் மாற்றி அமைக்கும் மலர்க்கூடம். ஃபிளமிங்கோ விடுதித் தோட்டத்தில் நிஜ பூநாரைகள். ஃப்ரீமான்ட் தெருவுக்கு மேலே கூரையாக விரியும் ஒளித்திரை. 2023-இல் திறந்த ஸ்பியர் அரங்கின் வெளிப்புறம் முழுவதும் திரையாக மின்னும். உள்ளே டிக்கெட் விலை அதிகம், வெளியே நின்று பார்க்கக் காசில்லை. 1959-இல் பெட்டி வில்லிஸ் வடிவமைத்த வரவேற்புப் பலகை முன்னால் வெயில் ஏறுவதற்குள் போனால் வரிசை குறைவு.

பழைய பட்டியல்களை நம்பி அலையாதீர்கள். மிராஜ் விடுதியின் எரிமலைக் காட்சி 2024 ஜூலையில் விடுதியோடு சேர்த்து மூடப்பட்டது. டிராபிகானா விடுதியை அதே ஆண்டு அக்டோபரில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

சாப்பாட்டில் பழைய கதையை நம்புவது

வேகஸில் பஃபே மலிவு என்பது போன தலைமுறைக் கதை. 2020-இல் மூடிய பல பஃபேக்கள் திரும்பத் திறக்கவேயில்லை. சீசர்ஸ் பேலஸின் பாக்கனால் போன்ற பெயர்பெற்றவற்றில் ஒருவர் சாப்பிடும் காசில், உணவுக்கூடங்களில் ஒரு நாளை ஓட்டிவிடலாம். போக வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒரே ஒரு முறை, பசியோடு, அதை அன்றைய பெரிய சாப்பாடாக வைத்துக்கொண்டு போங்கள்.

அறையில் ஃபிரிட்ஜ் போலத் தெரிவது பெரும்பாலும் மினிபார், அதாவது உள்ளே இருப்பதை எடுத்தால் காசு வாங்கும் பெட்டி. சிலவற்றில் சென்சார் உண்டு. உங்கள் பாலை உள்ளே வைக்க அங்கிருப்பதை எடுத்து நகர்த்தினாலே பில்லில் ஏறிவிடும். சாப்பாட்டு பில்லில் வரிக்கு மேலே இன்னொரு சிறு கட்டணம் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் வழக்கம். பட்ஜெட்டில் அதற்கும் இடம் விட வேண்டும், பரிமாறுகிறவர்களின் வருமானத்தில் அது பெரும்பங்கு.

மேசையின் விதியைப் படிக்காமல் உட்காருவது

ஆடவே மாட்டேன் என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு வேண்டாம். ஆடாமலேயே மூன்று நாளை நிறைவாகக் கழிக்கலாம். ஆடத் தொடங்கினால் நிறுத்த முடிவதில்லை என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருந்தால், தயவுசெய்து ஆடாதீர்கள். 21 வயது ஆகாதவர்கள் ஆடவும் கூடாது, மேசைகளுக்கு நடுவே நிற்கவும் கூடாது. பாஸ்போர்ட் கேட்பார்கள்.

சரி, ஒரு மணி நேரம் அனுபவித்துப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு. 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்கப் பார்க்கும் சீட்டாட்டம் பிளாக்ஜாக். அதன் மேசைத் துணியிலேயே எழுதியிருக்கும்: பிளாக்ஜாக் விழுந்தால், அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால், 3 to 2 (2 டாலருக்கு 3 டாலர்), அல்லது 6 to 5 (5 டாலருக்கு 6 டாலர்). ஏதோ 6, 5 என்று பெரிய எண்ணாக இருக்கிறதே என்று முதல் முறை நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். 15 டாலர் பந்தயத்துக்கு 3 to 2 என்றால் 22.50 கிடைக்கும், 6 to 5 என்றால் 18 மட்டுமே. இந்த ஒரு மாற்றம் விடுதியின் சாதகத்தை, அதாவது பந்தயப் பணத்தில் சராசரியாக விடுதிக்குப் போகும் பங்கை, 1.4 சதவீதம் அளவுக்கு உயர்த்துகிறது. ஒழுங்காக ஆடினால் நல்ல மேசையில் அந்தச் சாதகம் அரை சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மணிக்கு 70 ஆட்டம், ஆட்டத்துக்கு 15 டாலர் என்றால் மேசையில் சுழல்வது 1,050 டாலர். நல்ல மேசையில் சராசரி இழப்பு ஐந்து டாலர் சொச்சம், மற்றதில் இருபது டாலர். ஒரே சீட்டு, ஒரே நாற்காலி, நான்கு மடங்கு செலவு.

எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றி ஆடும் ரவுலெட்டிலும் இதே கதை. சக்கரத்தில் ஒரு பூஜ்யம் இருந்தால் விடுதியின் சாதகம் 2.7 சதவீதம். இரண்டு இருந்தால் 5.26. மூன்று இருந்தால் 7.69. ஸ்ட்ரிப்பில் குறைந்த பந்தயம் உள்ள சக்கரங்களில் மூன்று பூஜ்யம் இப்போது சகஜம். உட்காரும் முன் பூஜ்யங்கள் இருக்கும் பச்சைக் கட்டங்களை எண்ணுங்கள்.

ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உறையில் இவ்வளவுதான் என்று பணம் எடுத்துக்கொண்டு, கார்டுகளை அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு இறங்குவது எனக்குப் பலித்த வழி. காசினோவுக்குள் இருக்கும் ஏடிஎம்மில் ஒரு முறை எடுக்கக் கட்டணமே பெரிய தொகை. கிரெடிட் கார்டில் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி. ஆடும்போது கொண்டுவரும் பானம் இலவசம்தான், கொண்டுவருகிறவருக்கு ஒன்றிரண்டு டாலர் டிப்ஸ் கொடுப்பது முறை. ஆனால் அந்த இலவச பானத்துக்காக இன்னும் அரை மணி உட்கார்ந்தால் அதுதான் ஊரிலேயே விலை உயர்ந்த பானம்.

கிராண்ட் கேன்யனைப் பக்கத்தில் என்று நினைப்பது

கிராண்ட் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கு உள்ள தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்புக்குக் காரில் ஒரு வழிக்கே நான்கரை மணி நேரம் ஆகும். கண்ணாடிப் பாலம் உள்ள மேற்கு விளிம்பு இரண்டு இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்கா பாஸ் செல்லாது, தனி டிக்கெட். மூன்று நாள் பயணத்தில் இரண்டும் வேண்டாம் என்பேன். அரை மணியில் ரெட் ராக் கேன்யனின் செந்நிறப் பாறைகளுக்குப் போய்விடலாம். அக்டோபர் முதல் மே வரை உள்ளே காரில் சுற்ற நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

புறப்படும் நாளில் பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். இரவு விமானம் என்றால் நேரம் நீட்டிக்கக் காசு கட்ட வேண்டாம், பெட்டிகளைக் கீழே பெல் டெஸ்க் எனப்படும் சுமை வைக்கும் மேசையில் விட்டுவிட்டு ஊர் சுற்றலாம். அதற்கு முன் பில்லை வரி வரியாகப் பாருங்கள். நீங்கள் தொடாத மினிபார் கணக்கு இருந்தால் அங்கேயே சொல்லி எடுக்க வைப்பது எளிது. விமான நிலையத்திலும் ஸ்லாட் மெஷின்கள் வரிசையாக நிற்கும். அங்கே இறக்காமல், கையில் மிஞ்சியிருக்கும் டாலர்களைப் பெட்டி சுமப்பவருக்கும் டாக்சிக்காரருக்கும் என்று காலையிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.