கார்ட்லெஸ் டிரில் வாங்கியாச்சா? சுவத்துல வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

ஆஃபர்ல கார்ட்லெஸ் டிரில் வாங்கி, நாலு ஸ்க்ரூ தலையை மொட்டையாக்கிட்டு, "மெஷின் வேஸ்ட் சார்"னு பரண்ல தூக்கிப் போட்டவங்க நிறைய பேர் இருக்காங்க. பாதிக்கு மேல மெஷின் மேல தப்பே இருக்காது. பிட் மாட்டுற சக்குக்குப் பின்னாடி 1, 2, 3னு நம்பர் போட்டு ஒரு வளையம் இருக்கும் பாருங்க, கடைசியில டிரில் பிட் படம், சில மெஷின்ல சுத்தியல் படமும் இருக்கும். அது கடையில இருந்து வந்தப்போ எங்க இருந்துச்சோ அங்கயேதான் இன்னைக்கும் இருக்கும்.

அதுதான் கிளட்ச். ஸ்க்ரூ இறுகி ஒரு அளவுக்கு மேல எதிர்ப்பு வந்ததும் மோட்டார் சுத்தினாலும் பிட் சுத்தாம கடகடன்னு சத்தம் வரும், உடனே மெஷின் போச்சுன்னு பயந்துடாதீங்க, அது வேலையை ஒழுங்கா செய்யுதுன்னு அர்த்தம். சின்ன நம்பர்னா சீக்கிரம் விட்டுடும், பெரிய நம்பர்னா நல்லா இறுக்கும். டிரில் படத்துல வச்சா விடவே விடாது, அதுல வச்சு ஸ்க்ரூ போட்டா ஒண்ணு தலை மொட்டையாகும், இல்லன்னா ஸ்க்ரூ பிளைவுட்டுக்குள்ள புதைஞ்சு போகும். 4ல ஆரம்பிங்க, தலை பலகையோட ஒட்டி உக்கார்றதுக்குள்ள கடகடத்தா ரெண்டு ரெண்டா ஏத்துங்க, சரியா உக்காந்ததும் விடுற நம்பர் எதுவோ அதுதான் அந்த வேலைக்கு. மெஷினுக்கு மெஷின் மாறும்.

மேல ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கும், 1, 2னு போட்டிருக்கும். 1 மெதுவா ஆனா பலமா சுத்தும், சாதாரணமா நிமிஷத்துக்கு 400 சுத்து பக்கம், ஸ்க்ரூவுக்கு அது. 2 வேகம், 1500 பக்கம் போகும், ஓட்டை போட அது. சுத்திக்கிட்டு இருக்கும்போது இதை மாத்தாதீங்க, உள்ள கியர் பல்லு போயிடும். டிரிக்கர் பக்கத்துல இருக்கிற ரெண்டு பக்க பட்டன் நேரா சுத்தவும் ரிவர்ஸுக்கும், நடுவுல வச்சா லாக். பிட் மாத்தும்போது நடுவுல வைங்க, பேட்டரியைக் கழட்டிட்டா இன்னும் நல்லது. ஸ்டைலா சக்கை ஒரு கையில பிடிச்சிட்டு இன்னொரு கையில டிரிக்கர் அழுத்தி டைட் பண்றாங்களே, அதைப் பாத்து கத்துக்காதீங்க, கைத்தோல் உரிஞ்சு வந்துடும். பிட்டு மாட்டினதும் ஒரு தடவை சும்மா சுத்த விட்டுப் பாருங்க, ஆடுச்சுன்னா சக்கோட மூணு தாடையில ரெண்டுக்கு நடுவுல மாட்டியிருக்கு, கழட்டி மறுபடி மாட்டணும்.

பிட்டுல மூணு ஜாதி. மர பிட்டுக்கு நுனியில நடுவுல ஊசி மாதிரி ஒரு முள் நீட்டியிருக்கும், இரும்பு பிட்டு கூரா கருப்பாவோ தங்கக் கலர்லயோ வரும், சுவத்து பிட்டுக்கு நுனியில தனியா ஒரு கார்பைட் துண்டு வச்சு கொஞ்சம் அகலமா இருக்கும். இரும்பு பிட்டை சுவத்துல போட்டா கொஞ்ச நேரத்துல கூர் மழுங்கிடும், அப்புறம் அது இரும்புக்கும் ஆகாது. ஸ்க்ரூ போடுற பிட்டு நம்ம ஊர் ஹார்டுவேர் கடை ஸ்டார் ஸ்க்ரூவுக்கு பெரும்பாலும் பிஹெச்2தான், அதாவது பிலிப்ஸ் 2ம் நம்பர் சைஸ். ஸ்க்ரூவை பிட்டுல சொருகி ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னு ஆடுச்சுன்னா சைஸ் தப்பு. அப்புறம் கருப்பு ஜிப்சம் ஸ்க்ரூ சல்லிசா கிடைக்குதுன்னு கனமான ஷெல்ஃபுக்குப் போடாதீங்க, அது வளையாது, பட்டுனு ஒடிஞ்சிடும்.

இப்போ சுவர். எல்லாரும் முதல்ல பண்றது ஜன்னலுக்கு மேல கர்ட்டன் ராடுதான், அதுதான் இருக்கறதுலயே கஷ்டமான இடமும். ஜன்னலுக்கு நேர் மேல லிண்டல் போகும், முழுக்க காங்கிரீட், உள்ள கம்பி வேற.

முதல்ல கரண்ட்டைப் பாருங்க. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் பைப்புக்குள்ள ஒயர் போகும், ஏசி பாயின்ட், சுவத்து லைட் இதுக்கும் அப்படித்தான், அந்த நேர்கோட்டுல கை வைக்காதீங்க. அந்தப் பக்கம் பாத்ரூம் இருந்தா தண்ணி பைப்பும் இருக்கும். நம்மகிட்ட இருக்கிறது பேட்டரி மெஷின், அதனால அந்த ரூமுக்கான எம்சிபியை, அதாவது மெயின் போர்டுல இருக்கிற டிரிப் சுவிட்சை, இறக்கிட்டு நிம்மதியா வேலை பாக்கலாம், ஆனா வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க, மெயினை இறக்கினாலும் அந்த லைன்ல கரண்ட் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

சுவத்து ஓட்டைக்குள்ள சொருகி ஸ்க்ரூவைப் பிடிக்க வைக்கிற பிளாஸ்டிக் பிளக் இருக்கே, அதுல 6 எம்எம் பிளக்குக்கு 6 எம்எம் பிட்டு. பிளக் நீளத்தோட ஒரு 5 எம்எம் சேத்து பிட்டு மேல டேப் சுத்திக்கோங்க, அதுதான் ஆழம். சுத்தியல் மோடு (சுத்திக்கிட்டே பிட்டை முன்னாடி தட்டுறது) இல்லாம மெதுவா ஆரம்பிச்சு, குழி விழுந்ததும் சுத்தியலுக்கு மாத்துங்க. விழுற தூளைக் கவனிங்க, சுவர் உள்ள என்னன்னு அதுவே சொல்லும். முதல்ல சாம்பல் கலர்ல வரும், அது பூச்சு, உள்பக்கம் அரை இன்ச் கிட்ட இருக்கும். அதுக்கப்புறம் சிவப்பா கொட்டுச்சுன்னா செங்கல், கவலையே இல்ல. பூச்சு தாண்டியும் சாம்பலாவே வந்து பிட்டு நகராம நின்னா காங்கிரீட்டு. அங்க போய் உடம்பு பலத்தைக் காட்டாதீங்க, அழுத்த அழுத்த பிட்டு சூடாகி நுனிதான் போகும். அரை நிமிஷம் பாருங்க, வெளிய எடுத்து ஆற விட்டு மறுபடி போங்க, அப்பவும் நகரலன்னா கல்லோ கம்பியோ மாட்டியிருக்கு, ஒரு ரெண்டு இன்ச் தள்ளிப் போடுங்க, இல்ல லிண்டலையே தாண்டி மேல ஏத்துங்க. அதுவும் முடியலன்னா எலக்ட்ரீஷியன்கிட்ட இருக்கிற பெரிய ரோட்டரி ஹேமர்தான் அதுக்கு, சுத்தியல் மோடு உள்ள சின்ன கார்ட்லெஸ்ஸும் காங்கிரீட்டுல திணறும். பில்லர்ல கம்பி பட்டா கம்பியை வெட்டிக்கிட்டு உள்ள போகவே போகாதீங்க.

பிட்டை வெளிய எடுக்கும்போது சுத்த விட்டுக்கிட்டே நேரா இழுங்க, தூளும் வந்துடும். ஆட்டினா ஓட்டை பெருசாகி பிளக் லூஸ் ஆயிடும். தூளை வாயால ஊதாதீங்க, நேரா கண்ணுக்குத்தான் வரும். பிளக் பாதி கையால போகணும், மீதி லேசா தட்டினா போகணும். பூச்சுக்குள்ள மட்டும் பிளக் நின்னா கர்ட்டனை ஒரு இழு இழுத்ததும் ராடோட சேந்து கையில வந்துடும், அதனால செங்கலுக்குள்ள போற அளவு நீளமான பிளக்கா வாங்குங்க.

டைல்ஸ்னா மாஸ்கிங் டேப்பை குறுக்கா ஒட்டி அது மேல மார்க் பண்ணுங்க, டைல் தாண்டுற வரைக்கும் சுத்தியல் மோடு கூடவே கூடாது. விட்ரிஃபைட் டைலுக்கு சாதா சுவத்து பிட்டு பத்தாது, டைமண்ட் பிட்டு வாங்கணும்.

மரத்துக்கு முன் ஓட்டை போட்டுட்டு ஸ்க்ரூ போடுங்க, 4 எம்எம் ஸ்க்ரூவுக்கு 2.5ல இருந்து 3 வரைக்கும். பிளைவுட் ஓரத்துல இதைச் செய்யலன்னா கண்டிப்பா பிளந்துடும். தேக்கு மாதிரி கெட்டியான மரத்துக்கு ஸ்க்ரூல கொஞ்சம் மெழுகு தடவினா வழுக்கிட்டு இறங்கும். பலகைக்குப் பின்னாடி கையைக் கொடுத்து பிடிக்கிற பழக்கம் மட்டும் வேணாம், கிளாம்ப் போடுங்க. இரும்புக்கு மெதுவா சுத்தணும், ரெண்டு சொட்டு எண்ணெய், பிட்டு வழுக்காம இருக்க ஓட்டை போடுற இடத்துல முதல்ல பஞ்ச்ல ஒரு குத்து. ஓட்டை முடிஞ்சு பிட்டு வெளிய வர்ற அந்த நேரத்துலதான் பொருளைக் கவ்விக்கிட்டு மணிக்கட்டைத் திருப்பும், ஏணி மேல நிக்கும்போது அப்படி ஆச்சுன்னா ஆளே கீழதான், அதனால கடைசியில அழுத்தத்தைக் குறைச்சிடுங்க.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம ஆரம்பிக்காதீங்க. க்ளவுஸ் வேணாம், துணி சுத்திக்கும். துப்பட்டா, அவுத்து விட்ட முடி, கையில கட்டின கோயில் கயிறு எல்லாமே அதே கேஸ்தான், கயிறை முழங்கை பக்கம் மேல தள்ளிக்கோங்க இல்லன்னா முழுக்கை சட்டைக்குள்ள விட்டு பட்டன் போடுங்க.

பேட்டரி பத்தி ஒண்ணு. 20 வோல்ட் மேக்ஸ்னு எழுதியிருக்கிறதும் 18 வோல்ட்டும் ஒண்ணுதான், ரெண்டுக்கும் உள்ள அஞ்சு செல் வரிசைதான், ஃபுல் சார்ஜ்ல இருக்கிற கணக்கைப் பெருசா போட்டு விக்கிறாங்க அவ்ளோதான், ரெண்டு வோல்ட்டுக்காக காசு கூட கொடுக்காதீங்க, வீட்டு வேலைக்கு 12 வோல்ட்டே போதும். லித்தியம் பேட்டரிக்கு எதிரி வெயில்தான், ஸ்கூட்டி டிக்கியிலயும் கார்லயும் விட்டுட்டுப் போகாதீங்க. வேலை முடிஞ்சு சூடா இருக்கும்போதே சார்ஜர்ல சொருகாம ஆற விடுங்க, மாசக்கணக்குல எடுக்க மாட்டீங்கன்னா பாதி சார்ஜ்ல மெஷின்ல இருந்து கழட்டி வைங்க.