அரைநிழல் பாத்திக்குக் குட்டையான பல்லாண்டுப் பூச்செடிகள்: தேர்வு செய்யும் முறை

செடியோடு வரும் அட்டையில் 'அரைநிழலுக்கு ஏற்றது' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கினால், பல செடிகள் முதல் வருடத்தைத் தாண்டாது. காலை வெயில் மூன்று மணி நேரம் படும் ஈரமான சுவரோரமும், உச்சிப்பொழுது வெயில் மூன்று மணி நேரம் அடிக்கும் காய்ந்த மரத்தடியும் அட்டையின் கணக்கில் ஒன்றுதான். செடிக்கு அவை வேறு வேறு இடங்கள். அதனால் முதலில் இடத்தை அளப்போம், செடி அப்புறம்.

படி 1: வெயிலைக் கணக்கெடுங்கள்

மேகமில்லாத ஒரு நாளில், காலை 7 முதல் மாலை 6 வரை மணிக்கு ஒருமுறை பாத்தியைப் பார்த்து 'நேர் வெயில்', 'இலை வழியே புள்ளி வெயில்', 'நிழல்' என்று தாளில் குறியுங்கள். இலையுதிர்க்கும் மரத்தடி என்றால் மரம் தழைத்திருக்கும் பருவத்தில் செய்ய வேண்டும். மொட்டை மரத்தின் கீழ் எடுத்த கணக்கு ஏமாற்றிவிடும். பாத்தி நீளமாக இருந்தால் இரண்டு முனையிலும் நடுவிலும் குச்சி நட்டு, மூன்றையும் தனியாகக் குறியுங்கள். ஒரு முனைக்கு 5 மணி நேரமும் மறு முனைக்கு 2 மணி நேரமும் கிடைப்பது சாதாரணம்.

நேர் வெயில் 3 முதல் 6 மணி நேரம் என்றால் அரைநிழல். அதற்கும் குறைந்தால் பூவை விட இலைக்காக வளர்க்கும் செடிகளே கைகொடுக்கும். மொத்த நேரத்தோடு, எந்த நேரத்து வெயில் என்பதும் முக்கியம். பகல் 12 மணிக்கு முன்னால் விழும் வெயிலை நிழல் விரும்பும் செடிகள் தாங்கும். பிற்பகல் வெயில் சூடு ஏறியது. மெல்லிய இலைகளின் விளிம்பு பழுப்பாகிக் காகிதம் போல நொறுங்கும்.

படி 2: மண்ணில் ஈரம் நிற்கிறதா?

30 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். முழுதும் வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கும் குறைவு என்றால் வடிகால் போதாது, வேர் அழுகும். பாத்தியை 15 செ.மீ. உயர்த்திக் கட்டலாம். மரத்தடியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்; மரத்தின் வேர் மேல் மண்ணைக் குவித்தால் அதற்குக் காற்று கிடைக்காமல் மரமே நலியும்.

தோண்டும்போது நூல் நூலாக மர வேர்கள் வந்தால் அது 'வறண்ட நிழல்'. அங்கே மழை பெய்தாலும் மேலே இலைகள் ஒரு பகுதி நீரைத் தடுத்துவிடும், கீழே வேர்கள் மீதியில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும்.

படி 3: செடியைத் தேர்ந்தெடுங்கள்

குளிர்காலம் கடுமையாக உள்ள ஊரில் வறண்ட நிழலுக்கு எபிமீடியம் (20–30 செ.மீ.) நல்ல தேர்வு. மெதுவாகப் பரவும், பொறுமை வேண்டும். பூ வருமுன் பழைய இலைகளை வெட்டிவிட்டால்தான் சின்னப் பூக்கள் கண்ணுக்குத் தெரியும். ஈர நிழலுக்கு ப்ரிமுலாவும் (15–20 செ.மீ.) டியரெல்லாவும் பொருந்தும். ப்ரிமுலா கோடையில் ஒருமுறை நன்றாகக் காய்ந்தாலும் தளர்ந்துவிடும்.

குளிர் குறைந்த, வெப்பமான ஊர்களுக்குக் கச்சோலம் அருமையான செடி. இலைகள் தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும். நடுவில் ஊதாப் புள்ளியோடு வெள்ளைப் பூ வரும். ஓய்வுக் காலத்தில் இலை முழுவதும் மறைந்துபோகும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள், கிழங்கு அழுகும். இடம் மறக்காமலிருக்க ஒரு குச்சி நடுங்கள். காலை வெயில் 4 மணி நேரம் வரும் முனையில் மழை லில்லி வைக்கலாம். நிழல் கூடினால் புல் மாதிரி இலைதான் மிஞ்சும். கனகாம்பரம் அரைநிழலில் நன்றாகப் பூக்கும், ஆனால் 60 செ.மீ.க்கு மேலும் எழும். முன்வரிசைக்கு வேண்டாம், பின்னால் வையுங்கள்.

வெப்பம், குளிர் இரண்டையும் ஓரளவு தாங்குவது லிரியோபி. சுமார் 30 செ.மீ. உயரம், ஊதாக் கதிர்ப்பூ, வறண்ட நிழலிலும் நிற்கும். முதன்முறை நடுகிறவர்களுக்கு இதையே முதலில் சொல்வோம்.

வாங்குமுன் பரவும் விதத்தைக் கேளுங்கள். அஜுகா 15 செ.மீ.தான், நீலக் கதிராகப் பூக்கும். ஆனால் ஓடுதண்டு விட்டு, கணு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர்விடும். பக்கத்தில் மெதுவாக வளரும் செடி இருந்தால் அதை மூடிவிடும். பள்ளத்தாக்கு லில்லியின் எல்லாப் பாகமும் நஞ்சு; குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் தவிர்ப்பது நல்லது.

படி 4: எத்தனை செடி?

செடிக்குச் செடி 30 செ.மீ. என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 11, 25 செ.மீ. என்றால் 16. வகைக்கு ஒன்றாக வாங்காமல், ஒரே வகையில் ஐந்தாறாவது வாங்குங்கள். குட்டைச் செடி தனியாக நின்றால் கண்ணில் படாது.

படி 5: நடவு

5 செ.மீ. கனத்துக்கு மக்கிய உரம் பரப்பி, மேல் 15 செ.மீ. மண்ணோடு கலக்குங்கள். மரத்தடியில் கொத்த வேண்டாம். வேர்களுக்கு இடையில் கிடைக்கும் சந்தில் சின்னக் குழி எடுத்து, சின்ன நாற்றையே நடுங்கள். பெரிய தொட்டிச் செடிக்கு அங்கே இடமிருக்காது. தண்டும் வேரும் சேரும் கழுத்து, மண்மட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். கச்சோலக் கிழங்குக்கும் மழை லில்லிக் குமிழுக்கும் இது பொருந்தாது, அவை சுமார் 5 செ.மீ. ஆழம் போகலாம். நட்டதும் 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, வைக்கோல் போன்றவை) போட்டு, கழுத்தைச் சுற்றி மூன்று விரல் அகலம் வெறுமையாக விடுங்கள்.

முதல் வருடம் முழுவதும், விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் வேர்வரை நனையும்படி ஊற்றுங்கள். தினமும் தெளிப்பதால் மேல் மண்தான் நனையும்.

என்ன தவறு நடக்கும்?

இலை செழித்து பூ வரவில்லை என்றால் வெயில் போதவில்லை, அல்லது தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் மிகுந்துவிட்டது. கொத்தின் நடுப்பகுதி கழுத்தில் அழுகிச் சாய்ந்தால் ஈரமும் நெருக்கமும் காரணம். அஜுகாவுக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்த பருவத்தில் இது அடிக்கடி வரும். அழுகியதைச் சுற்றிய மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்தி, மீதியைக் கலைத்துக் காற்றோட்டம் விடுங்கள். இலையில் ஓட்டையும் காய்ந்த பளபளப்புக் கோடும் தெரிந்தால் நத்தை. இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குங்கள்.

மூன்று நான்கு வருடத்தில் கொத்தின் நடு வெறுமையாகி ஓரத்தில் மட்டும் பூக்கும். அப்போது முழுக் கொத்தையும் கிளறி எடுத்து, வெளிவட்டத்து இளந்துண்டுகளை வேரோடு பிரித்து நட்டுவிட்டு, கட்டையான நடுப்பகுதியை உரக்குழியில் போடுங்கள்.